இரவல் சேலை: பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

முதலில் தப்பை ஒத்துக்கொண்டு விடுகிறேன். இரண்டு வருடம் முன்பு இங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போட்டிருந்தேன். புன்னக்காயல்காரரான நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண். பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. பக்கத்தில் உயரமான ஸ்டூல், அதன்மேல் காகிதப் பூச்சாடி. மெல்லிய சேலை, பஃப் கை வைத்த ரவிக்கை, ரெட்டைச் சடையில் ஒன்றை முன்னால் எடுத்து விட்டிருக்கிறார். இடது மணிக்கட்டில் கடிகாரம், அது தெரியும்படி கையை ஸ்டூல் மேல் வைத்திருக்கிறார். அதற்கு நான் கொடுத்த தலைப்பு: '1950களில் புன்னக்காயல் - ஒரு மீனவப் பெண்ணின் அன்றாட உடை'. கீழே நாலு பத்தி வியாக்கியானம் வேறு.

நான் எழுதியதிலேயே அதிகம் சுற்றியது அதுதான். ஆன்லைனில் சேலை விற்கிற யாரோ எடுத்து 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' என்று விளம்பரமாகப் போட்டுவிட்டார்கள். போன டிசம்பரில் ஆபீசில் 'ரெட்ரோ டே' வந்தபோது அதே படம் 'இப்படி உடுத்தி வரலாம்' என்று எனக்கே மெயிலில் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் மாடி முழுக்க பொட்டுப் பொட்டுச் சேலையும் பஃப் கையும் பூனைக்கண் கண்ணாடியும்தான். ஒரு பெண் காதில் கிளிப் வைத்த பாம்படம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆராய்ச்சி ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது, பாருங்கள்.

போன மே மாதம் புன்னக்காயலுக்கே போனேன். ஆத்தூர் வரை பஸ், அங்கிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாக நண்பரின் பைக். இரண்டு பக்கமும் உப்பளம், பிறகு ஆறு பிரிந்து பிரிந்து கடலில் சேர்கிற இடம். தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறதைப் பார்க்க ஆயிரம் பேர் போகிறார்கள். முடிகிற இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. நண்பர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் சட்டத்துக்குள் தொங்கியது. படத்தில் இருப்பவர் அதற்கு நேர் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நண்பரின் அம்மாவுக்குச் சித்தி, எண்பத்தாறு வயது. வாட்ஸப்பில் படம் வந்தபோது 'இவங்க இருக்காங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அமெச்சூர் ஆராய்ச்சியின் லட்சணம் அது.

"ஆச்சி, அந்தச் சேலை என்ன சேலை?" என்று ஆரம்பித்தேன்.

"அது எஞ் சேலை இல்ல மக்கா. எங்க அக்கா சேலைல்லா. அத்தான் கொழும்புல இருந்து கொண்டாந்தது. ஜார்ஜெட்."

ரவிக்கை? அதுவும் அக்காவுடையது, கல்யாணத்துக்குத் தைத்தது. தூத்துக்குடிக்குப் போகும்போது தோளில் பிடித்துத் தையல் போட்டுவிட்டிருக்கிறார்கள். கடிகாரம்?

"அது போட்டோக்காரன் குடுத்தது. ஓடாது."

அப்படியானால் வீட்டில் என்ன உடுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, இவன் என்ன இதைப் போய்க் கேட்கிறான் என்கிற மாதிரி பார்த்தார். "ரெண்டு சேலை. ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடில." அந்த இரண்டும் எந்தப் படத்திலும் இல்லை. யாராவது படம் எடுக்கக் கட்டிக்கொண்டு போகிற துணியா அது.

ஆக, என் தலைப்பில் வருடமும் ஊர்ப்பெயரும் மட்டும் சரி. 'அன்றாட' என்ற ஒரே சொல் முழுப் பொய்.

அந்த இரண்டு சேலைக்கும் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆச்சி ஒரு முழு வரலாறு சொன்னார். உடுத்திக் கிழிந்தால் மூட்டிக் கட்டுவது. இனிமேல் கட்ட முடியாது என்றால் பிள்ளைக்குத் தொட்டில். தொட்டில் நைந்தால் பிள்ளைத்துணி. அதில் மிஞ்சியது மீன் கூடைக்குச் சும்மாடு. கடைசித் துண்டு அடுப்பாங்கரையில் கைப்பிடித் துணி, விளக்குத் திரி. ஒரு சேலை எரிந்து சாம்பலாகிற வரைக்கும் வேலை பார்த்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போக மிச்சம் ஏது? நமக்கு வந்து சேர்ந்திருப்பதெல்லாம் அதிகம் உடுத்தப்படாத துணிகள்: கல்யாணப் பட்டு, பெட்டியில் பூச்சி உருண்டையோடு கிடந்தது, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. என் தொழிலில் இதை லேசாகப் புரிந்துகொள்வேன். எந்நேரமும் ஒழுங்காக ஓடுகிற நிரல் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதாது. விசேஷமாக ஏதாவது நடந்தால்தான் எழுதும். பதிவேட்டை மட்டும் படித்துவிட்டு 'இந்த மென்பொருள் தினமும் இதைத்தான் செய்கிறது' என்று ஒரு புதுப்பையன் சொன்னால் சிரிப்போம். நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்து ஸ்டூடியோப் படங்களை, 1880இலிருந்து 1980 வரைக்குமானவற்றை, மின்வடிவில் சேகரித்திருக்கிறார்கள். அருமையான வேலை. அந்தத் தொகுப்பைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. ஆனால் அந்தப் படங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது. ஸ்டூடியோக்களில் கோட்டு, டை, கடிகாரம், பேனா, புத்தகம் எல்லாம் இருக்கும். ஆணி அடித்து மாட்டியிருக்கும் கோட்டை வருகிறவர் போட்டுக்கொள்வார், எடுத்து முடித்ததும் கழற்றித் திரும்ப மாட்டுவார். படத்தில் இருப்பது அவர் எப்படி இருந்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. எப்படி இருக்க ஆசைப்பட்டார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஐம்பதுகள் முழுக்க எல்லோரும் ஜார்ஜெட்டும் கடிகாரமுமாகத் திரிந்தார்கள் என்று ஆகிவிடும்.

சரி, ஏன் இரண்டே சேலை? வறுமை என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போகலாம். நானும் அப்படித்தான் முன்பு போனேன். ஆனால் தாமிரபரணிக் கரையில் அந்த விடை கொஞ்சம் உறுத்துகிறது. ஆறு மலையிலிருந்து இறங்குகிற பாபநாசத்தில், அந்தத் தண்ணீர் வேகத்தையே விசையாக்கி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கினார்கள். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908இல் வேலைநிறுத்தம் நடத்தியது அங்கேதான். நடுவில் வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தறிச் சத்தம். ஆற்றின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நூல் ஓடிக்கொண்டிருந்த நாட்டில்தான் ஆச்சிக்கு இரண்டே சேலை.

யுத்த காலத்தில் துணி பதுங்கியது. ஆலைகள் பட்டாளத்துக்கு நெய்தன, விலை எகிறியது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. 'கண்ட்ரோல் துணி' என்ற சொல் அப்போது வீட்டுக்குள் நுழைந்தது. 1948 ஜனவரியில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், விலை மறுபடி ஏறியது, அந்த வருடமே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆச்சிக்கு வருடம் எதுவும் நினைவில்லை. ஆனால் "கார்டுக்குத் துணி" வாங்க அவருடைய அம்மா வரிசையில் நின்றதும், கிடைத்தது வேட்டித் துணியாக இருந்ததும், அதைச் சாயம் போட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்ததும் நினைவிருக்கிறது. பூப்போட்டதா, கட்டம் போட்டதா என்று கேட்டேன். "குடுத்ததை வாங்கணும். பூவாம், கட்டமாம்" என்றார். அன்றைய உடை 'எளிமையான ரசனை' என்று என் பழைய பதிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை இப்போது படிக்கக் கூசுகிறது.

சுதந்திரம் வந்த பிறகு வேட்டி சேலையே ராஜ்ய விவகாரம் ஆனது. கைத்தறிக்காரர்கள் தேங்கிய துணியோடு பட்டினி கிடக்க, வேட்டியும் சேலையும் நெய்கிற உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று சென்னை முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசிடம் மல்லுக்கு நின்றார். 1952 கடைசியில், ஆலைகள் முன்பு நெய்த வேட்டியில் நூற்றுக்கு அறுபது பங்குதான் நெய்யலாம் என்று உத்தரவு வந்தது. 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்குக் காலணா கூடுதல் வரி, கதருக்கும் கைத்தறிக்கும் உதவ. அதே வருடம் ஜனவரியில் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணா விற்றது திருச்சியில். ராஜாஜியும் அண்ணாவும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம் இது. வேட்டிக் கரையில் கட்சி நிறம் ஏறியது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேட்டியே கிடைக்குமா என்பது அரசியலாக இருந்ததைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், அக்கா கல்யாணத்துக்கு எடுத்த துணியின் ரசீது ஒன்று மடித்து இருந்தது. கடைப்பெயர் அழிந்துவிட்டது. தொகை ரூபாய் - அணா - பைசாவில். அதாவது 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன். அளவு கெஜத்தில். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளினேன். ஆச்சி கண்டுகொள்ளவில்லை. "அது அடச்ச கடன்" என்றார். கடன் அடைந்ததற்கு அத்தாட்சியாகத்தான் அது எழுபது வருடம் பெட்டியில் கிடந்திருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. என் பழைய பதிவின் கீழே ஒரு வாசகர், 'அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு அடக்கமாக ரவிக்கையும் தாவணியும் போட்டார்கள், இப்போது பாருங்கள்' என்று எழுதியிருந்தார். நான் அதற்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தேன். மறுத்து எழுதவில்லை. அந்தச் சோம்பலுக்கு என்ன விலை என்று ஹட்டன் எழுதிய புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் 1946இல் இந்தியச் சாதி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் 1930 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளைப் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்களுக்குக் குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருடம் தடை பதினொன்றாக நீண்டது.

இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். சட்டை, பனியன், கிராப்பு, ரவிக்கை, தாவணி, பூ, குடை, செருப்பு. எங்கள் ரெட்ரோ டே மெயிலில் 'கிளாசிக்' என்று போட்டிருந்ததில் முக்கால்வாசி இதில் இருக்கிறது. ஆசைப்பட்டவர்களை அடித்து நிறுத்த நினைத்தவர்கள் தயாரித்த பட்டியல்தான், அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கிற நேர்மையான ஆவணம். யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். 1930இல் யாரோ ஒரு பெண் தாவணி போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறாள், அதனால்தான் அந்த விதி. இருபது வருடம் கழித்து, ஐம்பதுகளில், அவள் மகள் தாவணியோடு பள்ளிக்கூடம் போயிருந்தால் அதன் பேர் அடக்கமா, துணிச்சலா? எழுபது வருடம் கழித்து நாம் அந்தத் தாவணியை எடுத்து இன்றைய பெண்களை அடக்கப் பயன்படுத்துகிறோம். அந்தக் கும்பிடு பொம்மையை எடுத்துவிட்டேன்.

தெற்கே திருவிதாங்கூரில் இதே சண்டை முன்பே நடந்தது. நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்கப் போராடி 1859இல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. முதலில் அனுமதித்தது குப்பாயம் என்ற சட்டையை மட்டும். உயர்சாதியார் போடுகிற மாதிரி தோள்சீலை கூடாது என்று. உடம்பை மூடலாம், ஆனால் எங்களைப் போல மூடாதே. இந்த ஒரு நிபந்தனையை விளங்கிக்கொண்டால் போதும், தமிழ்நாட்டு உடை வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

நம் சினிமா இதை எப்படிக் காட்டியிருக்கிறது? அந்தக் காலத்துப் படங்களை எடுத்துக்கொண்டால், ஒட்டுப்போட்ட சேலை கட்டிய ஏழைக் கதாநாயகிக்கும் ரவிக்கை மட்டும் கச்சிதமாகத் தைத்திருக்கும், சேலை கஞ்சி போட்டுத் தேய்த்திருக்கும். அது போகட்டும், அது ஸ்டூடியோக் கோட்டின் அண்ணன். இப்போது எடுக்கிற 'பீரியட்' படங்கள்தான் பிரச்சினை. பாலாவின் 'பரதேசி' (2013) எனக்குப் பிடித்த படம். ஆடை வடிவமைப்புக்குப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சாக்கு மாதிரி முரட்டுத் துணியில், மண்ணும் தேயிலைச் சாயமும் ஏறின ஒரே பழுப்பு. மனதைப் பிசைகிறது, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாரும் பழைய காலம் என்றாலே பழுப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழைக்கு நிறம் கிடையாது என்று ஒரு இலக்கணமே உருவாகிவிட்டது. ஆச்சியிடம் அந்த இரண்டு சேலை என்ன நிறம் என்று கேட்டபோது யோசிக்காமல் சொன்னார்: ஒன்று அரக்கு, ஒன்று கிளிப்பச்சை. கடல் தண்ணீரில் வெளுத்துப் போகும், அதனாலேயே அடிக்கிற நிறமாகத்தான் வாங்குவார்களாம். கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்குப் பழசு என்றால் சாம்பலும் பழுப்பும். அதன் பழியைத் தூக்கி அந்த மனிதர்கள் மேல் போட்டுவிட்டோம்.

இதற்கு மாறாக, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது என்பேன். பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு கிடையாது, மகள் கல்யாணத்துக்கு ஒரு சேலை நெய்ய அவன் நூல் திருட வேண்டியிருக்கிறது. துணியை அழகாகக் காட்டுவதோடு நிற்காமல், அது யார் கையிலிருந்து யார் உடம்புக்குப் போகிறது என்று பின்தொடர்கிறது. உடையைப் பற்றிய படம் என்றால் எனக்கு அதுதான். தென் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டும், அவர் மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடியிலும் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னிய லேஸ் சீமைக்குப் போனது. பின்னிய பெண்ணின் ரவிக்கை ஓரத்தில் அது ஒட்டியிருந்தால் ஆச்சரியம்தான்.

லேஸுக்குத் தமிழில் 'ரேந்தை' என்று ஒரு சொல் உண்டு. போர்ச்சுக்கீசியச் சொல். பொத்தானும் துவாலையும் அங்கிருந்துதான் வந்தன. புன்னக்காயலுக்கு வருகிற ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் அன்ரீக்கே அடிகளார், 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' என்று அச்சுப் புத்தகத்தைத் தேடித்தான் வருவார்கள். நானும் முதலில் அப்படி வந்தவன்தான். சட்டையை மாட்டிப் பொத்தானைப் போடுகிறபோது அதே கப்பலில் வந்த சொல்லைத்தான் போடுகிறோம் என்பது தோன்றவில்லை. கைலிக்கு இங்கே 'சாரம்' என்பார்கள். அது மலாய்க்காரர்களின் சாரோங். கடற்கரையில் பாரம்பரிய உடை எது என்று கேட்டால் எந்தக் கப்பலில் வந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆச்சியின் கொழும்பு ஜார்ஜெட் அந்த வரிசையில் கடைசி. அதைத்தான் 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' என்று விற்கிறார்கள்.

ஆச்சி வீட்டில் இன்னும் இரண்டு படம் இருந்தன. ஒன்று அவருடைய புதுநன்மைப் படம். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு: குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. வெள்ளைக் கவுன், தலையில் வலைத்துணி, பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. அந்தக் கவுன் ஐந்து அக்கா தங்கச்சிகளுக்கும், பிறகு பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அடிமடிப்பைப் பிரித்து நீட்டுவதும் மடித்துத் தைப்பதுமாக. ஏழு பேர் உடுத்திய ஒரே வெள்ளை உடுப்பு. கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நின்ற நாள் அது ஒன்றுதான் என்று தோன்றியது. ஆச்சி அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் வெள்ளதான். ஆனா யாருக்குச் சாட்டின், யாருக்கு மல்லுன்னு எங்களுக்குத் தெரியும்." எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குப் படத்தில் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் சாட்டினும் மல்லும் கொஞ்சம் பளபளப்பில்தான் வேறுபடும். பெரிதாக்கிப் பார்த்தேன், அப்போது தெரிந்தது.

இன்னொரு படம் அறுபதுகளின் கடைசி. ஆச்சி கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு. சேலை நைலக்ஸ் மாதிரி வழுவழுவென்று. பையனுக்கு டெரிலின் சட்டை என்று பெருமையாகச் சொன்னார். துவைத்தால் உடனே காயும், தேய்க்க வேண்டாம், கிழியவே கிழியாது. வியர்த்துக் கொட்டும், உடம்போடு ஒட்டும், ஆனாலும் மூன்றாவது சேலை, நாலாவது சேலை என்று பெட்டி நிறைய ஆரம்பித்தது இந்தத் துணி வந்த பிறகுதான். கைத்தறிப் பிரியர்கள் (நானும் அதில் ஒருத்தன்) பாலியெஸ்டரைத் திட்டும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கிழியாத துணியைத் தொட்டிலாகவும் சும்மாடாகவும் திரியாகவும் ஆக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆச்சி அதைத்தான் குறையாகச் சொன்னார்: "பிள்ளைக்கு விரிக்கக்கூட ஒதவாது."

அந்தப் படத்திலும் தலையில் முக்காடு இருந்தது. கோயிலிலிருந்து நேராக ஸ்டூடியோ போனதால். கோயிலுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் எழுதியே இருந்தது. 1983இல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. ஆச்சிக்குச் சட்டம் மாறியது தெரியாது, தெரிந்தாலும் எடுக்கமாட்டார். வெயிலுக்கு நல்லது என்றார். நான் 'மத அடையாளம்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவருக்குத் தெரியாமல் அடித்தேன்.

கிளம்பும்போது சொன்னேன்: ஆச்சி, உங்கள் படத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன், எழுதியதைத் திருத்தப் போகிறேன், படத்தை எடுத்துவிடவா?

"எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தான இருக்கேன்."

பிறகு வாசல் வரை வந்து, கொஞ்சம் தயங்கி, "அக்காவுக்கு ஒரு போட்டோவும் இல்ல மக்கா" என்றார். அக்கா இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாராம். அந்தச் சேலையில் படம் எடுக்க நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஒத்துவரவில்லை. தங்கச்சி எடுத்துக்கொண்டதுதான் அந்தச் சேலைக்கு இருக்கிற ஒரே படம். சேலை அக்காவோடு பெட்டியில் போய்விட்டது.

பழைய பதிவில் தலைப்பை மாற்றியிருக்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது: '1955 வாக்கில் தூத்துக்குடி ஸ்டூடியோ ஒன்றில், புன்னக்காயல் பெண். சேலையும் ரவிக்கையும் அவருடைய அக்காவுடையவை. சேலை கொழும்பிலிருந்து வந்த ஜார்ஜெட். கடிகாரம் ஸ்டூடியோவுடையது, ஓடாது.' சேலையின் நிறத்தையும் சேர்க்கலாம் என்று நண்பரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி பதில் வந்தது. ஊதா.